கடற்படைத் தலைவரின் இரண்டாம் பணி

(மகாவீரர் ஜெயந்தி விழாவில், மடவார் வளாகத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்துவடிவம்)



கொல்லாமையை முதல் அறமாகக் கொண்ட விழா மேடையில் போர்க்கப்பல் தலைவர் ஒருவரைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் அவையில் சிலருக்கேனும் எழும். எழவேண்டிய ஐயந்தான். ஆயினும் அவ்வையத்திற்குச் சிரவணபெளகொளாக் குன்றின் உச்சியில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விடை நிறுத்தப்பட்டுள்ளது. அங்கே 57 அடி உயரத்தில் நிற்கும் பாகுபலியின் ஒற்றைக்கல் திருவுருவத்தைக் கி.பி. 981ஆம் ஆண்டளவில் எழுப்பியவர் துறவி அல்லர். கங்க மன்னர்களின் அமைச்சரும் படைத்தலைவருமாகிய சாவுண்டராயர். களம் பல கண்ட அவருக்கு, வென்ற பின்னர் வெற்றியைத் துறந்த ஒருவனின் உருவமே வேண்டியிருந்தது. பரதனும் பாகுபலியும் பொரவந்தபோது, உடன்பிறந்தார் பகைக்காகப் படைவீரர் மடிவது ஏன் என்று அமைச்சர்கள் தடுத்ததையும், கண்ணோக்காலும் நீராலும் மல்லாலும் இருவர் மட்டுமே பொருததையும் இவ்வவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. இல்லறத்தார்க்குரிய அணுவிரதத்தை விளக்கும் நூலாசிரியர்களும், எதிர்த்து வந்தவனைத் தடுக்கையில் நேரும் விரோதி ஹிம்சையை, வேண்டுமென்றே செய்யும் சங்கல்பி ஹிம்சையினின்று பிரித்தே வைத்தனர்.

அந்த வழியில் வைத்து எண்ணத்தக்க தமிழர் ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்து 2024ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியக் கடற்படையின் தலைமைத் தளபதியாக இருந்த அட்மிரல் லட்சுமிநாராயண ராமதாஸ் அவர். நாற்பது ஆண்டு சீருடையில் கழித்தவர். அதன்பின் முப்பது ஆண்டுகள், தாம் எந்த நாட்டோடு பொருதாரோ அந்த நாட்டு மக்களோடு நட்புறவு வேண்டும் என்று உழைத்தவர். முதற்பணிக்காக வீர் சக்கரம் பெற்றார். இரண்டாம் பணிக்காக மகசேசே விருதும், கூடவே நிரம்ப வசையும் பெற்றார்.

ராமதாஸ் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பம்பாயின் மாதுங்காவில் பிறந்தார். தென்னாட்டிலிருந்து பிழைப்பு நாடிச் சென்ற தமிழ்க் குடும்பங்கள் கோயிலும் பள்ளியும் காப்பிக் கடையும் அமைத்துக்கொண்டு வாழ்ந்த பகுதி அது. கடலோர நகரில் பிறந்தவர் கடற்படைக்குச் சென்றதில் வியப்பென்ன என்று கேட்கலாம். அக்காலத்து மாதுங்காப் பிள்ளைகளுக்குக் கிடைத்த கடல், மின்சார ரயிலின் சாளரத்தில் தெரிந்த கடலே. பெற்றோர் விரும்பியவை வங்கியும் அலுவலகமும் பொறியியலும். ராசபாளையத்திலும் திருவில்லிபுத்தூரிலும் இன்றைக்கும் நிலைமை பெரிதும் வேறன்று. மேற்கே செண்பகத்தோப்பு மலையும் கிழக்கே கரிசலும் காணும் நம் பிள்ளைகளுக்குக் கடற்படை என்பது குடியரசு நாள் அணிவகுப்பில் தொலைக்காட்சியில் தோன்றி மறையும் வெள்ளைச் சட்டை மட்டுமே.

அவர் 1949இல், பதினாறு வயதை எட்டும் பருவத்தில், தேராதூனில் அப்போது தொடங்கப்பெற்றிருந்த முப்படைக் கூட்டுப் பயிற்சிப் பிரிவில் சேர்ந்தார். பிற்காலத்தில் புனேக்கு அருகே கடக்வாஸ்லாவில் அமைந்த தேசிய பாதுகாப்புக் கழகத்தின் முன்னோடி அப்பிரிவு. தரைப்படைக்கும் வான்படைக்கும் கடற்படைக்கும் செல்லவிருக்கும் இளைஞர்கள் ஒரே கூரையின்கீழ் உண்டு உறங்கிப் பயில்வது அன்றைய உலகில் புதுமை. 1953 செப்டம்பரில், இருபது வயதில், கடற்படை அதிகாரியாகப் பணியமர்வு பெற்றார்.

மாணவர்கள் அறிந்துகொள்வதற்காக அந்தப் படிக்கட்டைச் சுருங்கச் சொல்லலாம். மிட்ஷிப்மேன், சப்-லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர், கேப்டன் என்று ஏறி, அதன்மேல் கமோடோர், ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல் ஆகிய படிகளைக் கடந்தால் அட்மிரல். உச்சிப் படியில் பணியிலிருப்பவர் பெரும்பாலும் ஒருவரே. இன்று பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் பயின்றவர், மத்தியத் தேர்வாணையத்தின் எழுத்துத் தேர்வையும் ஐந்து நாள் நடைபெறும் நேர்காணலையும் கடந்து, கடக்வாஸ்லாவுக்கோ கேரளத்தின் எழிமலைக்கோ செல்லலாம். உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதிநகரில் 1962 முதல் இயங்கும் சைனிக் பள்ளி இதற்காகவே அமைந்தது. இப்பகுதியிலிருந்து அங்கே செல்லும் பிள்ளைகளின் எண்ணிக்கை இன்னும் கூடலாம் என்பது தவிர வேறு குறை சொல்வதற்கில்லை.

ராமதாஸ் தேர்ந்துகொண்ட சிறப்புத்துறை செய்தித் தொடர்பு. கொடியசைத்தும் விளக்கை மின்னவைத்தும் வானொலி அலையிலும் கப்பலுக்குக் கப்பல் பேசும் கலை அது. பீரங்கித் துறையின் முழக்கம் அதற்கு இல்லை. ஆயினும் கடலில் ஒரு சொல் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டால் கப்பல் கப்பலோடு மோதும். பின்னாளில் பகைநாட்டாரோடு பேசிப் பேசியே வாழ்நாளைக் கழித்தவர், இளமையில் கற்ற தொழிலும் பேச்சுத் தொடர்பாகவே இருந்தது. திருநெல்வேலி மாவட்டம் விசயநாராயணத்தில் நிற்கும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் நிலையத்தின் உயர்ந்த கோபுரங்களை நாங்குநேரி வழியே சென்றோர் பார்த்திருக்கலாம். கடலுக்கடியில் மூழ்கிக் கிடக்கும் நீர்மூழ்கிகளுக்கு மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளில் செய்தி அனுப்பும் நிலையம் அது. 1990 அக்டோபரில் அது பணியில் சேர்க்கப்பெற்ற மறுமாதமே செய்தித் தொடர்புத் துறையில் தேர்ந்த ராமதாஸ் கடற்படைத் தலைவரானார்.

இடையில் அவருடைய இல்லறத்தைச் சொல்லாமல் கடந்தால் பின்னால் வருவது விளங்காது. அவர் மணந்த லலிதா, வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரியின் மகள். கட்டாரி செங்கல்பட்டில் 1911இல் பிறந்தவர். டஃபரின் பயிற்சிக் கப்பலின் 1927ஆம் ஆண்டு முதல் அணியில் பயின்றவர். 1958 ஏப்ரலில் இந்தியக் கடற்படையின் தலைமையை ஏற்ற முதல் இந்தியர். அதுவரை அப்பொறுப்பில் ஆங்கிலேயரே இருந்தனர் என்பதை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது. நாடு விடுதலை பெற்றுப் பதினோராம் ஆண்டில்தான் கடற்படை முழுதும் நம் கைக்கு வந்தது. மாமனும் மருமகனும் ஒரே படையின் தலைமையை வகித்தது அரிய நிகழ்ச்சி. எனினும் ராமதாஸின் பிற்கால வாழ்க்கையைத் திருப்பியதில் மாமனைவிட மனைவிக்கே பங்கு மிகுதி.

இனி 1971ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் நாள் தொடங்கிய போரில் கிழக்குக் கடற்படைப் பிரிவுக்குத் தலைமை தாங்கியவர் வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன். விக்ராந்த் என்னும் விமானந்தாங்கிக் கப்பலே அவருடைய முதன்மைப் படைக்கலம். அதன் நான்கு கொதிகலன்களுள் ஒன்று பழுதுபட்டு, முழு விரைவில் செல்ல இயலாத நிலையில் இருந்தது. அதனை மூழ்கடிக்கவென்றே காசி என்னும் நீர்மூழ்கியைப் பாகிஸ்தான் அனுப்பிற்று. விக்ராந்தை அந்தமான் பக்கம் மறைத்துவிட்டு, ராஜ்புத் என்னும் பழைய கப்பலை விசாகப்பட்டினத்தருகே நிறுத்தி, விக்ராந்த் அங்கேயே இருப்பதுபோல் வானொலிச் செய்திகளைப் பெருகவிட்டார் கிருஷ்ணன். காசி விசாகப்பட்டினத்துக்கு வந்தது. டிசம்பர் 3ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி அங்கேயே மூழ்கிற்று. அதிலிருந்தவருள் ஒருவரும் பிழைக்கவில்லை.

அதன்பின் வங்கக் கடல் முழுதும் இந்தியக் கப்பல்களின் வசமாயிற்று. விக்ராந்தோடு சென்ற போர்க்கப்பல்களுள் ஒன்று பியாஸ். அதன் தலைவர் முப்பத்தெட்டு வயது ராமதாஸ். கடல் முற்றுகை என்பது நூல்களில் ஒரு வரியில் முடிந்துவிடும். கடலில் அது இரவும் பகலுமான வேலை. தொடுவானத்தில் தோன்றும் ஒவ்வொரு புகைக்கோட்டையும் நெருங்கவேண்டும். எந்நாட்டுக் கொடி, எத்துறைமுகத்துக்குப் பயணம், என்ன சரக்கு என்று கேட்கவேண்டும். கொடியையும் பெயரையும் மாற்றிப் பூசிய கப்பல்கள் உண்டு. உண்மையிலேயே தொடர்பற்ற வணிகக் கப்பல்களும் உண்டு. சுடுவதா, விடுவதா, மறித்துக் கரைக்கு அழைத்து வருவதா என்பதைக் கப்பல் தலைவர் நிமிடங்களில் முடிவுசெய்யவேண்டும். போர்ச்சரக்கு ஏற்றிவந்த கப்பல்கள் பலவற்றை மறித்துப் பிடித்ததில் பியாஸுக்குப் பெரும்பங்கு உண்டு. கிழக்குப் பாகிஸ்தானில் இருந்த படைக்குக் கடல்வழி வரவும் போக்கும் அடைபட்டன. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணடைந்து சிறைப்பட்டோர் ஏறத்தாழ 93,000 பேர். ராமதாஸுக்கு வீர் சக்கரம் அளிக்கப்பெற்றது. போர்க்கள வீரத்திற்கு நாடு வழங்கும் மூன்றாம் நிலை விருது அது.

அதே போரில் மேற்குக் கடலில், டையூவுக்கு அப்பால், டிசம்பர் 9ஆம் நாள் இரவு நம்முடைய குக்ரி கப்பலைப் பாகிஸ்தான் நீர்மூழ்கி தாக்கிற்று. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட அதிகாரிகள் 18 பேரும் மாலுமிகள் 176 பேரும் கப்பலோடு மாண்டனர். கடற்போரில் இறந்தார்க்குப் பெரும்பாலும் உடல் கிடைப்பதில்லை. கரைமேல் நடுகல் நாட்டவும் இடமில்லை. காசியில் மாண்டவரும் குக்ரியில் மாண்டவரும் ஒரே நீரில் கிடக்கிறார்கள். கடற்படையாளர் ஒருவர் பின்னாளில் சமாதானம் பேசுவாரானால், அதைக் கோழைமை என்று கரையில் இருப்போர் சொல்வதற்கு முன் இந்த இரண்டு கப்பல்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.

போருக்குப் பின் மேற்கு ஜெர்மனியின் பான் நகரில் கடற்படைத் தூதராக இருந்தார். திரும்பிவந்து கிழக்குக் கப்பற்படைக்கும், பின்னர்க் கொச்சியில் தென்மண்டலத்துக்கும், விசாகப்பட்டினத்தில் கிழக்கு மண்டலத்துக்கும் தலைமை தாங்கினார். இவ்வாண்டுகளில் அவர் இல்லத்தில் வேறொரு பணியும் நடந்துகொண்டிருந்தது. லலிதா டெல்லியின் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெண்களுக்கும் மாற்றுக் கல்வி அளிக்கும் ‘அங்கூர்’ என்னும் அமைப்பை 1983இல் தொடங்கினார். அடுத்த ஆண்டு நவம்பரில் டெல்லியில் சீக்கியர்கள் கொல்லப்பட்டபோது, உயிர் தப்பியோர் தங்கிய முகாம்களில் அவர் தொண்டாற்றினார். கணவர் உயர் அதிகாரி. நாடோ கொந்தளித்துக் கிடந்தது. வாய்மூடி இருந்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். படை அதிகாரிகளின் மனைவியர் நடத்தும் சங்கங்களில் தேநீர் விருந்தும் தையல் வகுப்புமே தொண்டு எனப்பட்ட நாளில் இவர் சென்ற இடம் அது. தொண்டு என்பது ஓய்வூதியம் வந்தபின் நேரம் போக்கத் தொடங்குவதன்று என்பதை ராமதாஸ் தம் வீட்டுக் கூடத்திலேயே பத்தாண்டுக் காலம் பார்த்திருந்தார்.

1990 நவம்பர் 30ஆம் நாள் அவர் கடற்படைத் தலைவரானார். அடுத்த ஆண்டின் முடிவில் சோவியத்து ஒன்றியம் சிதைந்தது. நம் கப்பல்களிலும் நீர்மூழ்கிகளிலும் பெரும்பகுதி அங்கிருந்து வந்தவை. ஓர் எந்திர உறுப்புக்கு எந்தக் குடியரசின் எந்த ஆலையை அணுகுவது என்பதே புதிராயிற்று. அமெரிக்கக் கடற்படையோடு ‘மலபார்’ கூட்டுப் பயிற்சி 1992இல் முதன்முதலாக நடந்ததும் இவர் காலத்திலேதான். ஆயினும் இவ்வூரில் நின்று பேசும்போது அழுத்திச் சொல்லவேண்டியது மற்றொன்று. மடவார் என்னும் சொல்லுக்குப் பெண்டிர் என்பது பொருள். இந்த வளாகத்தின் பெயரே அவர்களுடையது. இந்தியக் கடற்படையோ மருத்துவப் பிரிவு தவிர்த்த மற்றப் பிரிவுகளில் பெண்டிரை அதிகாரியாக ஏற்றதே இல்லை. அந்தக் கதவு 1992இல், ராமதாஸ் தலைவராக இருந்தபோது திறந்தது. கல்வி, வழங்கல், சட்டம் ஆகிய பிரிவுகளில் குறுகியகால அதிகாரிகளாகப் பெண்கள் சேர்க்கப்பெற்றனர்.

அக்கதவு முழுதும் திறக்க எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும் சொல்லவேண்டும். குறுகியகாலப் பணி முடிந்ததும் பெண்கள் வீட்டுக்கு அனுப்பப்பெற்றனர். உடன் சேர்ந்த ஆண்களுக்குக் கிடைத்த நிலையான பணி அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவர்கள் நீதிமன்றம் சென்றனர். உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 17இல் தான் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இடைப்பட்டவை இருபத்தெட்டு ஆண்டுகள். 2022இல் அக்னிபத் திட்டத்தின்கீழ் மாலுமி நிலையிலும் பெண்கள் சேர்ந்தனர். 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து புறப்பட்டு, தாரிணி என்னும் பாய்மரக் கலத்தில், எட்டு மாதத்தில் உலகைச் சுற்றிவந்த இரு பெண் அதிகாரிகளுள் ஒருவர் புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. மற்றவர் கேரளத்தின் தில்னா. இருவரே கலம் செலுத்திச் சென்ற அந்தப் பயணத்தின் தொடக்கத்தை 1992இல் இடப்பட்ட ஒரு கையொப்பத்தில் தேடலாம்.

1993 செப்டம்பர் 30இல் ராமதாஸ் ஓய்வு பெற்றார். முப்படைத் தலைவர்கள் ஓய்வுபெற்றதும் நடக்கும் வழிகள் சில உண்டு: ஆளுநர் மாளிகை, தூதர் பதவி, போர்த்தளவாட நிறுவனத்தின் ஆலோசகர் நாற்காலி. அவற்றில் இழிவு ஒன்றுமில்லை; கட்டாரியும் பர்மாவில் தூதராக இருந்தவரே. ராமதாஸ் இணையர் சென்றது மராட்டிய மாநிலம் அலிபாகை அடுத்த பைமாலா என்னும் சிற்றூருக்கு. போரில் காட்டிய வீரத்துக்காக அரசு அளித்த நிலம் அங்கே இருந்தது. அதில் வீடு கட்டி, வேதி உரம் இடாத வேளாண்மை செய்தனர். ஊரார்க்கு அவர் அண்டை நிலத்துக்காரர். வீர் சக்கரம் பெற்றவர் அதற்கீடான நிலத்தில் எருவும் தழையும் இட்டு வாழ்ந்தது, மிகுபொருள் விரும்பாமையைப் போற்றும் இவ்வவைக்கு உவப்பான செய்தியாகவே இருக்கும்.

இனித்தான் அவருடைய இரண்டாம் பணி. 1994இல் இந்தியரும் பாகிஸ்தானியரும் சிலர் லாகூரில் கூடி, அமைதிக்கும் மக்களாட்சிக்குமான இருநாட்டு மக்கள் மன்றம் ஒன்றைத் தொடங்கினர். அரசுகள் பேசட்டும், பேசாது போகட்டும். ஆசிரியர், மருத்துவர், தொழிற்சங்கத்தார், எழுத்தாளர், பெண்கள் தாமே சந்திக்கவேண்டும் என்பது அதன் கருத்து. ஓராண்டு இந்திய நகரில், மற்றோராண்டு பாகிஸ்தான் நகரில் என்று நூற்றுக்கணக்கானோர் எல்லை கடந்து சென்று கூடினர். பாகிஸ்தான் பகுதியின் தலைவராக இருந்தவர் இதழாளர் ஐ. ஏ. ரெஹ்மான், இன்றைய அரியானாவில் 1930இல் பிறந்து, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தானியர் ஆனவர். இந்தியப் பகுதியின் தலைமையை ராமதாஸ் ஏற்றார். இருவர்க்கும் சேர்த்தே 2004ஆம் ஆண்டின் மகசேசே விருது, அமைதிக்கும் பன்னாட்டு நல்லுறவுக்குமான பிரிவில் அளிக்கப்பெற்றது.

பாகிஸ்தானின் கப்பல்வழியை அடைத்தவர் அந்நாட்டுக்குச் செல்கையில் எவ்வாறு வரவேற்கப்பட்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். இங்கிருந்தோர் ஏசியதும் குறைவன்று. துரோகி என்றனர், முதுமையில் அறிவு மயங்கிற்று என்றனர். அவருடைய மகள் ஒருவர் பாகிஸ்தானியர் ஒருவரை மணந்தவர் என்பதையும் ஏச்சுக்கு இழுத்தனர். அவர் தம் வீர் சக்கரத்தைத் திருப்பித் தரவுமில்லை, தாம் போரிட்டது பிழை என்று சொல்லவுமில்லை. நாட்டைக் காக்கவேண்டிய இடத்தில் காத்தார். பேசவேண்டிய இடத்தில் பேசினார். இரண்டையும் ஒருவரே செய்யமுடியும் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் பலருக்கு மனம் வரவில்லை.

மன்றம் கையில் எடுத்த வேலைகளுள் ஒன்று தமிழ்நாட்டாருக்கு எளிதில் புரியும். குஜராத்துக்கும் சிந்துவுக்கும் இடையே சர் கிரீக் என்னும் கழிமுகத்தில் எல்லை இன்னும் தீர்க்கப்படாதது. வரைபடத்தில் கோடு உண்டு. நீரில் கோடு இல்லை. மீன் போன வழியே போகும் மீனவனை அந்தப் பக்கத்துக் காவல் படகு பிடிக்கும். இந்தப் பக்கத்துக் காவல் படகும் அவ்வாறே பிடிக்கும். தண்டனைக் காலம் முடிந்தபின்னும் குடியுரிமையைச் சரிபார்க்கவில்லை என்று ஆண்டுக்கணக்கில் சிறையிலேயே கிடப்பர். இராமேசுவரத்திலும் நாகப்பட்டினத்திலும் 1974, 1976 உடன்படிக்கைகளுக்குப் பின் நடந்துவருவதும் இதே கதைதான். ஆளைவிட்டாலும் படகைவிடுவது அரிது. படகில்லா மீனவனுக்கு விடுதலை பாதி விடுதலையே. கடல் எல்லையைக் காப்பதே தொழிலாக இருந்த ஒருவர், அவ்வெல்லையைத் தெரியாது கடந்தவனுக்காகப் பேசியதில் ஒரு தகுதி இருந்தது. அந்தக் கோடு எவ்வளவு மெல்லியது என்பது அவருக்குத் தெரியும்.

1998 மே மாதத்தில் பொக்ரானில் இந்தியாவும், அம்மாத இறுதியில் சாகாயில் பாகிஸ்தானும் அணுகுண்டுகளை வெடித்தன. நாடெங்கும் இனிப்பு வழங்கப்பட்ட நாள்களில் ராமதாஸ் எதிர்த்துப் பேசினார். பின்னர் 2000இல் உருவான அணு ஆயுத ஒழிப்புக் கூட்டமைப்பிலும் முன்நின்றார். இது அவருடைய கருத்து மட்டுமன்று. அமெரிக்காவின் அணு ஆயுதப் படை முழுதையும் தம் கட்டளையின்கீழ் வைத்திருந்த ஜெனரல் லீ பட்லர், ஓய்வுபெற்ற பின் 1996இல் அவற்றை அறவே ஒழிக்கவேண்டும் என்றார். அவரோடு பல நாடுகளின் தளபதிகள் அறுபது பேரளவில் ஓர் அறிக்கையில் கையொப்பமிட்டனர். அவர்கள் சொன்ன காரணம் துறவியரின் காரணம் போன்றதன்று. படைத்தொழிலின் கணக்கு அது. அமிர்தசரசுக்கும் லாகூருக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர் அளவே தொலைவு. ஏவுகணை வந்துசேர ஆகும் சில நிமிடங்களில் அது ஏவுகணைதானா, கருவியின் பிழையா என்று தேர்ந்தறிவது எங்ஙனம்? ஒரு பொய்ச்செய்தி என்ன செய்யும் என்பது செய்தித் தொடர்பு அதிகாரிக்குத் தெரியாமல் இராது. அணுமின் நிலையங்களையும் அவர் ஐயத்தோடே நோக்கினார். கூடங்குளம் மக்களின் போராட்டத்துக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தார். இதில் அவரோடு மாறுபடுவோர் இவ்வவையிலேயே பலர் இருக்கலாம். நம் ஊர் ஆலைகள் ஓட மின்சாரம் வேண்டும் என்பதும் உண்மையே.

இவ்வளவு உழைப்பும் எதைச் சாதித்தது என்னும் வினா கடுமையானது. அதை மழுப்பக் கூடாது. 1999இல் கார்கில் போர் நடந்தது. 2008 நவம்பரில் அவர் பிறந்த மும்பை நகரிலேயே, கடல்வழி வந்தவர்களால், 166 பேர் கொல்லப்பட்டனர். மக்கள் மன்றத்தின் கூட்டங்களுக்கு விசா கிடைப்பது வரவர அருமையாயிற்று. அன்பால் எல்லை கரைந்துவிடும் என்று பேசியவர்களுள் சிலர், எல்லைக்கு அப்பால் துப்பாக்கி வைத்திருந்தவர்களைக் குறைத்தே மதிப்பிட்டனர் என்று சொல்வதில் தவறில்லை. அரசியலில் அவர் காலூன்ற முயன்றதும் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆம் ஆத்மி கட்சியின் உள் லோக்பால் பொறுப்பிலிருந்து 2015 மார்ச்சில் விலக்கப்பட்டார். மறுபுறத்தில், 2008ஆம் ஆண்டு மே மாதம் இரு நாடுகளும் கையொப்பமிட்ட தூதரக அணுகல் உடன்படிக்கையின்படி, ஆண்டுதோறும் சனவரி முதல் நாளும் சூலை முதல் நாளும் தத்தம் சிறைகளில் உள்ள மற்ற நாட்டாரின் பெயர்ப்பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன. பெயர் பட்டியலில் ஏறினால் ஒருவன் உயிரோடிருக்கிறான் என்று வீட்டார்க்குத் தெரியும். மீனவர் குடும்பங்களுக்காகப் பலர் பல்லாண்டு கேட்டதன் பயனில் இதுவும் ஒன்று.

எண்பத்தைந்து வயதிலும் அவர் எழுதுகோலை வைக்கவில்லை. 2019 பிப்ரவரியில், புல்வாமாத் தாக்குதலை ஒட்டிய நாள்களில், படைவீரரின் செயலைத் தேர்தல் வாக்குக்குப் பயன்படுத்த இடங்கொடுக்கலாகாது என்று தேர்தல் ஆணையத்துக்குத் திறந்த மடல் எழுதினார். படைவீரர்களின் படங்களைப் பரப்புரையில் பயன்படுத்தக் கூடாது என்று ஆணையமும் மார்ச் 9இல் கட்சிகளுக்கு அறிவுறுத்திற்று. படை எந்தக் கட்சிக்கும் உரியதன்று என்பது அவர் பதினாறு வயதில் கற்ற பாடம்.

ஐதராபாத்தில் 2024 மார்ச் 15ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், அட்மிரல் ராமதாஸ் காலமானார். அவ்வாண்டு சூலை முதல் நாளன்றும் பட்டியல்கள் வழக்கம்போல் கைமாறின. பாகிஸ்தான் கொடுத்ததில் இந்திய மீனவர் 211 பேர். இந்தியா கொடுத்ததில் பாகிஸ்தான் மீனவர் 86 பேர்.